பாலம்மா எழுதின நாலு வரி

புத்தகத்துல கிறுக்க வேண்டாம்னு கட்டுகஸ்தோட்டை வாசிகசாலைச் சுவத்துல மூணு பாஷையில எழுதி ஒட்டியிருக்கு. யாரு கேக்குறா? நம்ம சனத்துக்கு இரவல் புத்தகம்னா ஓரத்துல ரெண்டு வார்த்தை எழுதிவெச்சாத்தான் வாசிச்ச மாதிரி. சமையல் குறிப்புப் புத்தகத்தைக்கூட விட்டுவைக்க மாட்டாங்க. "உப்பு பத்தாது"ன்னு எழுதியிருப்பாங்க.

அந்தக் கிறுக்கலை எல்லாம் அழிக்கிறதுதான் பாலம்மாவோட வேலை. கூட்டுறது, கதிரை மேசை துடைக்கிறது, தேத்தண்ணி ஊத்துறது எல்லாம் உண்டுதான். ஆனா ஓய்வுபெற்ற வாத்தியாரு மஹ்மூத் மாஸ்டர், அந்த வாசிகசாலைய நடத்துறவரு, இவளை வேலைக்கு எடுத்த அன்னைக்கே ஒரு ரப்பரைக் கையில குடுத்தாரு. "பாலம்மா, திரும்பி வார புத்தகம் எல்லாத்தையும் ஒரு தரம் புரட்டுங்க. பென்சில்னா அழிங்க. பேனைன்னா எனக்குக் காட்டுங்க, நான் ஆளைப் புடிக்கிறேன்" என்றாரு. ஒம்பது வருசத்துல ஒருத்தரையும் அவரு புடிச்சதில்ல. பாலம்மா மட்டும் தினமும் மஹய்யாவையில இருந்து பஸ் ஏறி வந்து அழிச்சுக்கிட்டேதான் இருந்தா.

உயர்தர வகுப்பு வரைக்கும் போன பொம்பள அவ. பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கையில படிப்பை நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு யாரும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. வயசு அம்பத்திமூணு. புருசன் கறுப்பையா நகரசபையில தண்ணிக்குழாய் வேலை பாத்தவரு, செத்து நாலு வருசம் ஆகுது. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுப் பெத்த ஒத்தப் புள்ள லோஜினி, டவுன்ல ஒரு பார்மசியில வேலை பாக்குறா. அம்மாவும் மகளும் தனியா இருந்தாலும் நிம்மதியாத்தான் இருந்தாங்க. அந்த நாவல் வந்து சேர்ற வரைக்கும்.

போன வைகாசியில லண்டன்ல இருந்து ஒரு பார்சல் வந்துச்சு. ஒரே நாவல், மூணு பிரதி. பேரு 'விரியாத குடை'. மாஸ்டர் பின்னட்டையைத் திருப்பி, "நம்ம ஊரு ஆளு பாலம்மா! கட்டுகஸ்தோட்டையில கிளார்க்கா இருந்த மோகனராஜ். இப்ப லண்டன்ல பெரிய எழுத்தாளராம்" என்று காட்டினாரு. நரைச்ச முடி, தங்க விளிம்பு கண்ணாடி, கழுத்துல சால்வை. பாலம்மா அந்தப் படத்தைப் பாத்தா. படம் தெரியாம புத்தகத்தைத் திருப்பி வெச்சா. மூணு பிரதிக்கும் காக்கி உறை போட்டு, முத்திரை அடிச்சு, தட்டுல வெச்சா.

அத வாசிக்கவே கூடாதுன்னுதான் நெனச்சா. ஆனா அவ வேலை அவளை விடுமா? ரெண்டு வாரத்துல மூணு பிரதியும் போய், கைக்குக் கை மாறித் திரும்பி வந்திடுச்சு, ஓரமெல்லாம் கிறுக்கலோட. வேற எந்தப் புத்தகத்துலயும் அப்படி ஒரு சண்டைய அவ பாத்ததில்ல. நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துல கதாநாயகன் கொட்டுற மழையில, கையில குடைய வெச்சுக்கிட்டே விரிக்காம நிக்கிறான். அவ வந்து கூட நின்னாத்தான் விரிப்பானாம். அதுக்குப் பக்கத்துல ஒருத்தன் எழுதியிருக்கான்: "இதுதான்டா காதல்!" அதுக்குக் கீழ வேற கையெழுத்து: "காதல் இல்ல தம்பி, காய்ச்சல். பெனடோல் போடச் சொல்லு." அதுக்குக் கீழ: "உங்க தங்கச்சி பின்னால நின்னாலும் இப்படித்தான் எழுதுவீங்களா?" அதுக்கும் ஒரு பதில்: "எனக்குத் தங்கச்சி இல்ல. இருந்தா அவருக்கு ரெயின்கோட் குடுத்தனுப்புவேன்."

பாலம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. அடுத்த பக்கம் புரட்டினதும் நின்னு போச்சு. "கல்நெஞ்சுக்காரி." அதுக்கடுத்த பக்கத்துலயும் "கல்நெஞ்சுக்காரி." ஒருத்தி பச்சை நிறப் பென்சில்ல எழுதியிருந்தா: "ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தா கொறஞ்சா போயிருப்பா?" கடைசிப் பக்கத்துல, கதை முடிஞ்ச வெத்துத் தாள்ல, குண்டு குண்டா அழகான எழுத்து. அந்த எழுத்து பாலம்மாவுக்குத் தெரியும். பேராதனைக் கெம்பஸ்ல படிக்கிற ருஷ்தாவோடது. "அவளிடம் யாரும் ஒன்றுமே கேட்கவில்லையே" என்று எழுதியிருந்துச்சு.

பாலம்மா அதையும் அழிச்சா. வேலை வேலைதானே. ஆனா அன்னைக்குச் சாயந்தரம் ஒரு பிரதியத் தன் பேருல பதிஞ்சு, பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போனா.

அவளுக்குத் தெரியாத கதையா அது? அந்தக் கல்நெஞ்சுக்காரியே அவதான்.

நாவல்ல அவன் பதினோரு வருசம் காத்து நிக்கிறான். நெசத்துல பதினாலு மாசம். பதினாலு மாசமே ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தாங்காதுங்க! தொண்ணூறாம் வருசம் பாலம்மாவுக்குப் பதினெட்டு வயசு. நேர்ஸ் வேலைக்குப் போகணும்னு ஒரே ஆசை. வீட்டுக் கோழிக்குக் காயம் பட்டாக்கூட கட்டுப் போட்டு விடுவா. மோகனராஜுக்கு அப்ப இருபத்தாறு. அதுக்கு முந்தின வருசத் தீவாளிக்குக் கோயில்ல இவளைப் பாத்தவன், மறுநாள்ல இருந்து மஹய்யாவை ரயில் சுரங்கத்துக்கிட்ட இருக்கிற பஸ் ஹோல்ட்ல நிக்க ஆரம்பிச்சிட்டான். காலையில அவ ஸ்கூல் பஸ் ஏறும்போதும் நிப்பான், பின்னேரம் எறங்கும்போதும் நிப்பான். மழைன்னா அந்த விரியாத குடையோட நிப்பான். பேச மாட்டான், தொட மாட்டான், பாத்துக்கிட்டே நிப்பான். நாவல்ல அத "கண்ணியமான காதல்"னு எழுதியிருக்கான். கண்ணியமாம், கத்தரிக்காயாம்.

கூட நடந்து வந்த சிநேகிதிங்க ஒவ்வொருத்தியா வேற வழியில போனாளுங்க. "ஒன் ஆளு நிக்கிறாரு புள்ள"ன்னு கேலி வேற. அவ சுத்து வழியில, சவக்காலைக் கல்லறைங்க பக்கமா எறங்கிப் போய்ப் பாத்தா. மூணாம் நாள் அங்கயும் நின்னான். பிளேடால கையில அவ பேரைக் கீறிக்கிட்டு வந்து காட்டினான். அன்னைக்கு அவ பஸ்ஸுக்குள்ளயே வாந்தியெடுத்தா. நாவல்ல அந்த எடத்துல அவ "கண்கலங்கி நின்றாள்"னு போட்டிருக்கு. பாத்துக்கிட்டு இருந்த சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "ஆம்பள சும்மா நிப்பானா? இவ என்னத்தையோ காட்டியிருக்கா." அதானே நம்ம சனம்.

கடைசியில அவ ஒரு தப்புப் பண்ணினா. நல்லபடியாச் சொன்னாப் புரிஞ்சுக்குவான்னு நம்பி, கொப்பித் தாளைக் கிழிச்சு நாலு வரி எழுதி, சிநேகிதி கையில குடுத்தனுப்பினா.

"அண்ணாவுக்கு, நலம், நலமறிய ஆவல்.
எனக்கு உங்கள் மேல் எந்த எண்ணமும் இல்லை.
பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கிறது, நான் நேர்ஸ் வேலைக்குப் போக வேண்டும்.
தயவுசெய்து இனி பஸ் ஹோல்ட்டில் நிற்காதீர்கள்."

இவ்வளவுதான். இதுல எந்த வரி புரியல சொல்லுங்க? ஆனா நம்ம பக்கத்துல, காத்து நிக்கிறவனுக்குப் பொண்ணு ஒருத்தி பதில் எழுதிட்டான்னா விசயம் முடிஞ்சுது. என்ன எழுதினான்னு ஒருத்தரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. எழுதிட்டாளா, அப்ப சம்மதம். மோகனராஜும் அப்படித்தான் எடுத்துக்கிட்டான். கடிதத்தை மேல்பையில செருகிக்கிட்டு, தேத்தண்ணிக் கடையில உக்காந்து, "பதில் போட்டுட்டா மச்சான்"னு நாலு பேருக்கு விசுக்கோத்து வாங்கிக் குடுத்தானாம்.

பொழுது சாயுறதுக்குள்ள அவ அப்பா பழனியாண்டி காதுக்கு வந்திடுச்சு. வேலை உடுப்பைக்கூட மாத்தல, வாசல்ல நின்னே கேட்டாரு. "பதில் எழுதினியா இல்லியா?"

"எழுதினேன்ப்பா, ஆனா..."

அந்த "ஆனா"வுக்கு அப்புறம் அவளைப் பேசவே விடல. விழுந்த அறையில இடது காது ரெண்டு நாள் கேக்கல. அதோட ஸ்கூல் நின்னுச்சு. ஆறு வாரத்துல, கடிதம் எழுதின பொண்ணை வேற எவன் கட்டுவான்னு, பன்னெண்டு வயசு மூத்த கறுப்பையாவுக்குக் கட்டிவெச்சிட்டாங்க. மோகனராஜ் அடுத்த வருசமே கொழும்புக்குப் போய், அங்கயிருந்து லண்டன் போய், கல்யாணம் முடிச்சு, ரெண்டு புள்ளையும் பெத்துக்கிட்டான். சாகல, சாமியாராவும் போகல.

இப்ப நாவலை வாசிச்சா, அந்த நாலு வரி மூணு பக்கமா வளந்து நிக்குது! "அடுத்த பிறவியில் உங்கள் குடைக்குள் வருவேன்"னு அவ எழுதினாளாம். தாளுக்குள்ள ஒரு பிச்சிப்பூ வேற. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டா. அவளைக் கட்டிக்கிட்ட ஆளைப் பத்தி எழுதியிருந்ததைத்தான் பொறுக்க முடியல. குடிகாரன், முரடன், அவ முடியைப் புடிச்சு இழுக்கிறவன், அவ மனசுல வேற ஆள் இருக்கிறது தெரிஞ்சே வதைக்கிறவன். கறுப்பையா வாழ்நாள்ல பியர் கூட வாயில வெச்சதில்ல. புத்தகத்தை மூடிட்டு, "பாவி, ஒனக்கு அந்த மனுசன் என்னடா செஞ்சாரு?"ன்னு பாலம்மா வாய்விட்டே கேட்டா.

நாவல் மஹய்யாவைக்கும் வந்து சேந்துச்சு. அந்தக் காலத்து ஆளுங்க இன்னும் ரெண்டு பேரு உசிரோட இருக்காங்களே, வாய் சும்மா இருக்குமா? ஒரு ஞாயித்துக்கிழமை தண்ணி புடிக்கப் போன லோஜினிகிட்ட ஒருத்தி சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா: "ஒங்கம்மா கதைதானே புள்ள அது! ஒங்கம்மாதான் அந்தாளுக்குப் பதில் எழுதினது."

லோஜினி அந்த நாவலை ஏற்கெனவே வாசிச்சிருந்தா. வாசிச்சு அழுதுமிருந்தா. பார்மசியில கூட வேலை செய்யிற பொண்ணுங்களோட, அந்தக் கதாநாயகிக்காக வாதாடிக்கிட்டு இருந்தவ அவ. "பாவம், புடிக்காதவனோட காலம் பூரா வாழ்ந்திருக்கா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தவ. அந்தப் புடிக்காதவன் தன் அப்பாதான்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. வாளியை அப்படியே வெச்சிட்டு வீட்டுக்கு ஓடி வந்தா.

"அம்மா, அந்தாளுக்கு நீங்க பதில் எழுதினீங்களா?"

பாலம்மா தேங்காய் துருவிக்கிட்டு இருந்தா. அந்தக் கேள்வியைக் கேட்டதும் துருவுற கை நின்னுச்சு. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு, அப்பா மாதிரியே வாசல்ல நின்னு, அதே கேள்வி.

"சொல்லுங்கம்மா. எழுதினீங்களா இல்லியா?"

"எழுதினேன்" என்றா. அதுக்கு மேல வார்த்தை வரல. வந்திருக்கணும். எத்தனையோ தரம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்த வார்த்தைங்கதான். அந்த நேரம் பாத்து, அப்பா அறைஞ்ச இடது காதுல பழைய இரைச்சல் கேட்டுச்சு.

"அப்ப அப்பா?" என்று லோஜினி கேட்டா. "அப்பாவ நீங்க சும்மா சகிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா? நானும் அப்பாவும் ஒங்களுக்கு..." முடிக்க முடியாம உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

அன்னையில இருந்து வீடு வீடா இல்ல. மகள் வேலைக்குப் போவா, வருவா, சாப்பிடுவா. "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"ன்னா "போதும்." அவ்வளவுதான் பேச்சு. அப்பா படத்துக்குப் பூ போடுறதை அதுவரைக்கும் அம்மா செஞ்சா. இப்ப மகள் போட ஆரம்பிச்சிட்டா, அதுவும் அம்மா எழும்புறதுக்கு முன்னால. அந்தப் பூவைப் பாக்கும்போது பாலம்மாவுக்கு நெஞ்சு வெந்துச்சு. ஊரு என்ன வேணும்னாலும் நெனச்சிட்டுப் போகட்டும். இந்தப் புள்ள மட்டும் தன் அப்பன் ஆசையில்லாத வீட்டுல வாழ்ந்து செத்தான்னு நெனச்சிடக் கூடாது. பாலம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்.

அந்த நேரத்துலதான் மஹ்மூத் மாஸ்டர் குதியாட்டமா வந்தாரு. "பாலம்மா, நிக்கினி போயாப் பௌர்ணமிக்கு நம்ம வாசகர் வட்டம், மோகனராஜே நேர்ல வாராரு! லீவுல வந்திருக்காராம். நாப்பது பேருக்குத் தேத்தண்ணி, ரோல்ஸ், பெட்டிஸ் எல்லாம் ரெடி பண்ணணும்." மாஸ்டருக்கு அந்த நாவல்னா உசிரு. "இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன் நிப்பானா?"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பேசுவாரு. நல்ல மனுசன்தான், என்ன செய்ய?

பாலம்மா ஒரு முடிவுக்கு வந்தா. அந்தாளு வரட்டும். தன்னைக் கண்டதும் அடையாளம் தெரிஞ்சுக்குவான். அப்ப லோஜினி முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லணும்: இவ எழுதினது காதல் கடிதம் இல்ல. மன்னிப்பு வேணாம், ஒரு மண்ணும் வேணாம், அந்த ஒரு வார்த்தை போதும். "போயா அன்னைக்கு வாசிகசாலைக்கு வா புள்ள"ன்னு மகளைக் கெஞ்சினா. "வாறேன். அந்தாள் மூஞ்சிய நானும் பாக்கணும்" என்றா லோஜினி, முகத்தைத் திருப்பிக்கிட்டு.

போயா நாள்ல கடையெல்லாம் மூடியிருந்ததால கூட்டம் நல்ல கூட்டம். பாலம்மா ஊதாச் சேலை கட்டி, முடியை அழுத்தி வாரியிருந்தா. மோகனராஜ் கார்ல வந்து எறங்கினாரு. மாஸ்டர் மாலை போட்டு முன்வரிசையில உக்கார வெச்சாரு. பாலம்மா தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கிட்டு மொதல்ல அவருகிட்டத்தான் போனா. 

அவரு நிமிந்து பாத்தாரு. நேரா முகத்தைப் பாத்தாரு. "சீனி போட்டிருக்கா? எனக்கு சுகர்ம்மா. சீனி இல்லாம ஒண்ணு கொண்டு வாங்க" என்றாரு.

பாலம்மா நகராம நின்னா. இப்பத் தெரியும், இப்பத் தெரியும்னு நின்னா.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லிங்க. கொண்டு வாறேன்."

உள்ள போய்ச் சீனியில்லாத தேத்தண்ணியை ஊத்தினா. அழுகை வரல, சிரிப்பும் வரல. கேத்தல் மூடியை எங்க வெச்சோம்னு தேடிக்கிட்டே ரெண்டு நிமிசம் நின்னா. மூடி கையிலயே இருந்துச்சு.

கூட்டத்துல சண்டை சூடு பிடிச்சுது. ஒரு அம்மா, நாவலை மூணு தரம் வாசிச்சதாவும் மூணு தரமும் அழுததாவும் சொன்னாங்க. ஒரு பொடியன், "அந்தப் பொண்ணுக்குக் குடுத்துவைக்கல" என்றான். அப்பத்தான் ருஷ்தா எழும்பினா. "சேர், வாசிக்க வாசிக்க எனக்குப் பயமாத்தான் ஈந்திச்சு. பதினோரு வருசம் ஒத்தன் பின்னால நிண்டா அது அன்பா சேர்? அவ எந்த எடத்துலயும் ஆசைப்பட்டு நிண்டதாவே தெரியல்லயே. அந்தக் கடிதம் மட்டும் திடீர்னு எங்க ஈந்து வந்திச்சு?" பாதிக் கூட்டம் கை தட்டுச்சு. மீதிக் கூட்டம் "உக்காருங்க, உக்காருங்க"ன்னு சத்தம் போட்டுச்சு. மாஸ்டர் ரெண்டு கையையும் தூக்கி, "கோவப்படாதீங்க மக்களே, ஒரே கறிதான், ஒருத்தருக்கு உப்புக் கூட, ஒருத்தருக்கு உப்புக் கொறைய" என்று சமாளிச்சாரு.

மோகனராஜ் ஒலிவாங்கியை வாங்கினாரு. கொரல் நல்லாத்தான் இருந்துச்சு. "தங்கச்சி, காதலிச்சவங்களுக்கு இது புரியும். முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. இன்னைக்கும் ஆயிரம் பேருக்கு நடுவுல அவள் நடந்து வந்தால், கண்ணை மூடிக்கிட்டே காலடிச் சத்தத்தில் சொல்லுவேன்" என்றாரு. கை தட்டல் கூரையைத் தூக்குச்சு. அதுக்குள்ள பாலம்மா அவருக்கு முன்னால நாலு தரம் நடந்துட்டா, ரோல்ஸ் தட்டோட.

கடைசி வரிசையில லோஜினி உக்காந்திருந்தா. கன்னத்துல கையை வெச்சு அம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தாளு சொல்ல மாட்டான், இனி ஒருக்காலும் சொல்ல மாட்டான்னு பாலம்மாவுக்குப் புரிஞ்சுது. தட்டை ஒரு கதிரையில வெச்சிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டா.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

தேத்தண்ணி குடுத்த பொம்பள கேள்வி கேக்குறாளேன்னு எல்லாரும் திரும்பினாங்க. "கேளுங்க கேளுங்க, இவங்களும் நம்ம வாசகிதான்" என்றாரு மாஸ்டர் பெருமையா.

"அந்தப் பொண்ணு எழுதின கடிதம் மூணு பக்கம் இல்லிங்க. நாலு வரி" என்றா பாலம்மா. இந்தத் தரம் வார்த்தை வந்துச்சு. "'அண்ணாவுக்கு'ன்னுதான் தொடங்கிச்சு. 'எனக்கு உங்கள் மேல் எந்த எண்ணமும் இல்லை'ன்னு இருந்துச்சு. 'பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கிறது, நான் நேர்ஸ் வேலைக்குப் போக வேண்டும்'னு இருந்துச்சு. 'தயவுசெய்து நிற்காதீர்கள்'னு இருந்துச்சு. அதுல பூவும் இல்ல."

மோகனராஜ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டாரு. ஒரு நொடி என்னவோ தட்டுப்பட்ட மாதிரி அவளைப் பாத்தாரு. தேத்தண்ணிக்கறை பட்ட சேலை, நரைச்ச தலை, வீங்கின முழங்கை. அப்புறம் சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்ல. கோயில்ல வயசானவங்களைப் பாத்துச் சிரிப்பாங்களே, அந்த மாதிரி.

"அம்மா, நீங்க நல்லாத்தான் வாசிச்சிருக்கீங்க. ஆனா அவளை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் அப்படி எழுதக்கூடியவள் இல்லை."

சபை கை தட்டுச்சு. ருஷ்தா மட்டும் தட்டல. வாயைப் பொத்திக்கிட்டு பாலம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தா. மஹ்மூத் மாஸ்டர் குனிஞ்சு, "அது கற்பனை பாலம்மா, நாவல்னா அப்படித்தான் ஈக்கும்" என்று மெதுவாச் சொன்னாரு. பாலம்மா "சரிங்க மாஸ்டர்" என்றா. கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பிச்சா. தலை நிமிந்து பாக்கையில கடைசி வரிசையில லோஜினியைக் காணோம்.

கோப்பை அத்தனையும் கழுவி வெச்சிட்டுத்தான் கெளம்பினா. போயாங்கிறதால பஸ் குறைவு. பாலத்துக்கிட்ட பஸ் ஹோல்ட்ல லோஜினி தனியா நின்னுக்கிட்டு இருந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. அம்மா வந்து, மகாவலி ஆத்தைப் பாத்துக்கிட்டு, பக்கத்துல நின்னா.

"அன்னைக்கு நான் கேட்டேனே, ஏம்மா வாயே தொறக்கல?" என்றா லோஜினி. "இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீயும் ஒங்க தாத்தா மாதிரியே கேட்டியே புள்ள. எழுதினீங்களா இல்லியான்னு."

 லோஜினி அம்மா கையைப் புடிச்சுக்கிட்டா. சவுக்காரத் தண்ணியில ஊறி அந்தக் கை சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் பயந்து பயந்து கேட்டா: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கல்யாணமாகி மூணாம் நாளே ஊரு சொல்லிக் குடுத்திடுச்சு. வேலை முடிஞ்சு வந்து முன்னால உக்காந்தாரு. நான் அடி விழும்னு காதைப் பொத்திக்கிட்டேன்." பாலம்மா தண்ணியைப் பாத்துக்கிட்டே பேசினா. "ஒங்கப்பா என்னா கேட்டாரு தெரியுமா? 'என்னா எழுதின புள்ள?'ன்னு கேட்டாரு. எழுதினியான்னு கேக்கல, லோஜி. என்னா எழுதினன்னு கேட்டாரு. அப்படிக் கேட்ட ஒரே மனுசன் அவருதான். நாலு வரியையும் சொன்னேன். நம்பினாரு. 'அப்ப அந்தப் பரீட்சையை எழுத விட்டிருக்கலாமே'ன்னு சொல்லிட்டு, எனக்காக அழுதாரு."

"அம்மா..."

"அன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒங்கப்பாவப் புடிக்கவே இல்ல. பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கிருந்து அவருன்னா எனக்கு உசிரு. சாகுற வரைக்கும் அவருகிட்ட நான் அதைச் சொன்னதே இல்ல. தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

அதுக்கு மேல அவளால முடியல. புருசன் செத்த வீட்டுல, வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்துக்கிட்டு அழாம நின்ன பொம்பள, போற வாற சனம் பாக்க, நடு ரோட்டுல மகள் தோள்ல முகத்தைப் புதைச்சு, "அவரைப் போயி குடிகாரன்னு எழுதிட்டானே, அவரைப் போயி"ன்னு கதறி அழுதா.